கூப்பிட்டால் வருவார்கள்: கியோட்டோவில் பத்து நாள்

ஆகஸ்ட் 8

கன்சாய் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். கியோட்டோ நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் மனைவி கேட்டாள்: "இந்த வெயிலுக்கு வேலூர்லயே இருந்திருக்கலாமே?" பதில் சொல்ல முடியவில்லை. மூன்று பக்கமும் மலை, நடுவில் கிண்ணம்போல ஊர். எங்கள் ஊர் வெயில் வறுக்கும். இது இட்லிப் பானை. ஆகஸ்டில் 37, 38 டிகிரி இங்கே சாதாரணமாம். சொன்னது அக்கா மகள். ஆறு வருஷமாக ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். "ஓட்டல் வேண்டாம் மாமா, தெருவுக்குள்ள வீடு எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி, ஹிகாஷியாமாவில் ரொகுஹாரா என்ற பகுதியில் ஒரு பழைய மர வீட்டைப் பிடித்து வைத்திருந்தாள்.

இந்த மாதிரி வீட்டுக்கு மச்சியா என்று பெயர். வாசல் அகலம் பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம். உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் கையகல முற்றம், அதில் ஒரு கல் தொட்டி, நாலு பெரணிச் செடி. விலாங்கு மீனின் படுக்கை என்று இந்த ஊர்க்காரர்களே கேலியாகச் சொல்வார்களாம். வாசல் அகலத்தைப் பார்த்து வரி போட்ட காலத்துத் தந்திரம் என்று ஒரு பேச்சும் உண்டு. எனக்கென்னவோ கும்பகோணம் பக்கத்து அக்ரகார வீட்டுக்குத் தங்கச்சி மாதிரி தெரிந்தது.

கூரை ஓட்டின் விளிம்பில் ஒரு தாடிக்காரர், கையில் வாளோடு தெருவை முறைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஷோகி என்று பெயர்; சீனத்திலிருந்து வந்தவர், கெட்டதை அண்டவிடாதவர். "திருஷ்டி பொம்மை" என்று மனைவி ஒரே பார்வையில் முடித்துவிட்டாள். நிலைக்கு மேலே மூங்கில் இலைச் சுருள் ஒரு கொத்து தொங்குகிறது. ஜூலையில் கியோன் திருவிழாவில் வாங்கி, நோய் வராமலிருக்க வருஷம் முழுக்க மாட்டி வைப்பது. அப்புறம் எல்லா வீட்டு வாசலிலும் சிவப்பு வாளியில் தண்ணீர். அதற்குச் சாமியில்லை, தீயணைக்கத்தான். மர வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஊர்.

வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். 78 வயது. இனிமேல் பாட்டி. வந்ததும் குளிர்ந்த பார்லித் தண்ணீர் கொடுத்தார்; முகிச்சா என்கிறார்கள். கூடவே கையால் எழுதிய ஒரு தாள். பிரமாதமான வரவேற்புக் கடிதம் என்று நினைத்தேன். அக்கா மகள் படித்தாள்: எந்த நாளில் எந்தக் குப்பை.

ஆகஸ்ட் 9

காலை ஐந்தரைக்கு 'சரக் சரக்' என்று சத்தம். பாட்டி வாசல் பெருக்குகிறார். ஜன்னலில் நின்று பார்த்தேன். தன் வாசலைப் பெருக்கி முடித்து, எங்கள் வாசல் பக்கம் ஒரு முழம் வரைக்கும் வந்து நிறுத்திக்கொண்டார். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவரும் தன் எல்லையைத் தாண்டி ஒரு முழம் பெருக்கி நிறுத்தினார்.

மாலையில் அக்கா மகளிடம் கேட்டபோது விஷயம் விளங்கியது. இதற்குக் கடோஹாகி, அதாவது வாசல் பெருக்கல் என்று பெயர். தன் எல்லையோடு கறாராக நிறுத்தினால் ஒட்டாத ஆள் என்று பேச்சு வரும். பக்கத்து வீட்டு வாசல் முழுவதையும் பெருக்கிவிட்டாலோ, 'நீ பெருக்கவில்லை' என்று குத்திக்காட்டுவது போல் ஆகும். அவரும் நாளைக்கு உனக்குப் பெருக்கியாக வேண்டும். ஆகவே ஒரு முழம். கடனும் ஏறாது, உறவும் அறாது. எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் இருபது வருஷமாக முடியாததை ஒரு துடைப்பத்தில் முடித்து வைத்திருக்கிறார்கள்.

பெருக்கிய பிறகு மர வாளியில் தண்ணீர் எடுத்துக் கரண்டியால் வீசித் தெளிக்கிறார். உச்சிமிசு. சூடு தணிய, தூசி அடங்க. கோலம் ஒன்றுதான் பாக்கி என்று மனைவிக்கு விரல் துறுதுறுத்தது.

ஆறேகாலுக்குப் பாட்டி கைகாட்டிக் கூப்பிட்டார். பின்னாலேயே போனேன். தெருக்கோடியில் சின்னப் பூங்கா. ஒரு மரத்தில் ரேடியோ தொங்குகிறது. ஆறரை மணிக்குப் பியானோ ஒலிக்க, கூடியிருந்த முப்பது பேரும் கையை உயர்த்தினார்கள். ரேடியோ தைசோ. 1928-ல் வானொலியில் தொடங்கிய உடற்பயிற்சி; இப்போது செய்யும் முதல் வரிசை 1951-ல் அமைந்தது. பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை. பத்து நிமிஷப் பயிற்சி முடிந்ததும் பெரியவர் ஒருவர் முன்னால் வரிசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டு ஓடிப் போனார்கள். எனக்கும் ஒரு அட்டை கொடுத்து முத்திரை குத்தினார். ஐம்பத்தாறு வயதில் வந்த பெருமிதத்தை மனைவியிடம் காட்டப் போனால், அவள் வேறொரு சிக்கலில் இருந்தாள்.

குப்பை. இங்கே எரியும் குப்பைக்கு நகராட்சியின் மஞ்சள் பை. 2006-லிருந்து அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள். பிளாஸ்டிக் உறை வேறு பை, வேறு நாள். டப்பா, பாட்டில் இன்னொரு நாள். காலை எட்டு மணிக்குள் வைத்து, காக்காய் கிழிக்காமல் இருக்க வலையைப் போட்டு மூட வேண்டும். நான் மஞ்சள் பையில் தயிர் டப்பாவையும் போட்டுவிட்டேன். பாட்டி பையைத் தூக்கிப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிச்சை அவிழ்த்தார், டப்பாவை எடுத்தார், குழாயில் கழுவினார், மூடியைத் தனியாகப் பிரித்தார், என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சாயங்காலம் செந்தோ, அதாவது தெருவின் பொதுக் குளியல்கூடம். ஐந்நூறு யென் சொச்சம். உள்ளே ஒரு நூல்கூட உடம்பில் கூடாது. இதற்கு மேல் அந்தப் பகுதியை விவரிக்கப் போவதில்லை. முதல் ஐந்து நிமிஷம் தரையைப் பார்த்தே நடந்தேன். சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை துளி இல்லாமல் கழுவிவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டியில் இறங்கலாம். தொட்டி குளிக்க இல்லை, ஊற. அங்கே மஞ்சள் பிளாஸ்டிக் குண்டான்கள், அடியில் கெரோரின் என்ற தலைவலி மருந்தின் விளம்பரம். 1963-லிருந்து நாடு முழுக்க இதே குண்டான்தான். ஆனால் தோக்கியோப் பக்கம் பெரியது, இந்தப் பக்கம் சின்னது. இங்கே தொட்டியிலிருந்தே மொண்டு மேலுக்கு ஊற்றிக்கொள்கிறார்கள், அதனால் கைக்கு லேசாக இருக்க வேண்டும். சொம்பில் மொண்டு குளித்து வளர்ந்தவனுக்கு இந்தக் கட்சிதான் சரி.

ஆகஸ்ட் 10

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா போன மாசியில் இறந்துபோனாள். டிக்கெட் அதற்கு முன்னாலேயே போட்டது. "வருஷம் திரும்பறதுக்குள்ள ஊர் சுத்தணுமா?" என்று பெரியப்பா கேட்டார். இந்தப் பயணத்தில் கோயில் கோபுரம் எதற்குள்ளும் போவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். புத்தர் கோயில் கணக்கில் வருமா என்பதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி பாட்டி பேச்சுவாக்கில் அக்கா மகளிடம் வீட்டு விஷயமெல்லாம் விசாரித்திருக்கிறார். மாசியில் இறந்தாள் என்றதும், "அப்படியானால் இது ஹட்சுபோன்" என்றாராம். ஹட்சுபோன் என்றால் ஒருவர் இறந்தபின் வரும் முதல் ஓபோன். ஓபோன் நாட்களில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். முதல் தடவை வருகிறவருக்கு வழி தெரியாது, அதனால் கூடுதல் கவனிப்பு. வெள்ளை விளக்குக் கூடு தொங்கவிடுவார்கள். நம் மகாளயம் போலத்தான். வேர்கூட ஒரே பக்கத்தில் இருக்கிறது: ஓபோன் என்ற சொல்லே உல்லம்பன என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், இறந்துபோன தன் தாய் பசித்த பேய்களின் உலகத்தில் தவிப்பதைக் கண்டு அவளை மீட்ட கதை அது. அந்தக் கதை சீனம் வழியாக இங்கே வந்து, வீட்டுக்கு வீடு சோறு வைக்கும் பண்டிகையாகிவிட்டது.

கியோட்டோவில் இறந்தவர்களைச் சும்மா காத்திருந்து வரவேற்பதில்லை, போய்க் கூப்பிடுகிறார்கள். ஆகஸ்ட் 7 முதல் 10 வரை. கூப்பிடும் இடம் நாங்கள் தங்கியிருக்கும் தெருவிலிருந்து ஐந்து நிமிஷ நடை: ரொகுதோ சின்னோஜி. ரொகுதோ என்றால் ஆறு வழிகள், இறந்தபின் பிறக்கக்கூடிய ஆறு உலகங்கள். இதற்குக் கிழக்கே மலையடிவாரம் முழுக்கத் தோரிபெனோ என்ற பழைய இடுகாடு. பிணத்தைக் கொண்டுபோகிறவர்கள் இங்கே நின்று விடைகொடுத்துத் திரும்புவார்களாம். ஆகவே இதுதான் இரண்டு உலகத்துக்கும் நடுவில் உள்ள முச்சந்தி.

கோயிலில் ஒரு கிணறு இருக்கிறது. 9-ம் நூற்றாண்டில் ஓனோ நோ தகாமுரா என்று ஒரு கவிஞர், அரசவை அதிகாரி. பகலில் அரண்மனையில் வேலை, ராத்திரியானால் இந்தக் கிணற்றில் இறங்கி என்மாவின் சபையில் எழுத்தர் வேலை பார்த்தார் என்பது கதை. என்மா வேறு யாருமில்லை, நம் எமன். யமன் என்ற பெயர்தான் சீனம் வழியாக வந்து என்மா ஆகியிருக்கிறது. சின்னச் சன்னதியில் சிவந்த முகமும் முழித்த கண்ணுமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துச் சன்னதியில் தகாமுரா. சித்திரகுப்தனுக்கு இங்கே பகல் வேலையும் கொடுத்திருக்கிறார்கள்.

தெருவில் வரிசையாகக் கடை போட்டு ஒரு மரத்தின் கொப்பு விற்கிறார்கள். கோயாமாகி என்ற ஊசியிலை மரம், நல்ல பச்சை வாசனை. இறந்தவர்கள் இந்த இலையில் ஏறித்தான் வீட்டுக்கு வருவார்கள். பாட்டி ஒன்று வாங்கினார். என்னைப் பார்த்தார். இன்னொன்று வாங்கினார்.

உள்ளே போய் இறந்தவர் பெயரைச் சொன்னால் மெல்லிய மரப்பட்டையில் தூரிகையால் எழுதித் தருகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு மணியடிக்க வரிசையில் நிற்க வேண்டும். முக்கால் மணி நேரம் நின்றோம். நிற்கிறவர்கள் யாரும் துக்கமாக இல்லை. விசிறிக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு, ரேஷன் கடை வரிசை போலத்தான். நாலு பக்கமும் அடைத்த மண்டபம். மணி கண்ணுக்கே தெரியாது. சுவரில் ஒரு துளை, அதிலிருந்து ஒரு கயிறு. மற்ற கோயில்களில் கட்டையைத் தள்ளி மணியடிப்பார்கள். இங்கே கயிற்றை இழுக்க வேண்டும், அந்தப் பக்கத்தில் இருக்கிறவரைத் தன் பக்கம் இழுப்பது போல. அதனால் பெயரும் வரவேற்பு மணி.

என் முறை வந்தபோது கை நீளவில்லை. அம்மா திருப்பதியைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. பாஷை தெரியாத ஊருக்கு அவளைக் கூப்பிட்டு என்ன செய்வது? சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? பின்னால் வரிசை நிற்கிறது. மனைவி என் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்தாள். இழுத்தேன். பூமிக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு சத்தம், ரொம்ப நேரம் நிற்கவில்லை.

பெயர் எழுதிய பட்டையை ஊதுவத்திப் புகையில் காட்டி, இறந்தவர்களைக் காக்கும் ஜிசோ சாமியின் கல் சிலைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் வைத்து, கோயாமாகி இலையால் தண்ணீர் தெளித்தோம். எள் மட்டும் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு மிட்டாய்க் கடை. பேய் பிள்ளை வளர்த்த மிட்டாய் என்பது அதன் பெயர். நாள்தோறும் ராத்திரி ஒரு வெளிறிய பெண் வந்து ஒரு காசுக்கு மிட்டாய் வாங்குவாளாம். பின்னாலேயே போய்ப் பார்த்தால் இடுகாட்டில் மறைகிறாள். புதைகுழிக்குள் அழுகுரல், தோண்டினால், கர்ப்பிணியாக இறந்தவளின் பிள்ளை மிட்டாயைச் சப்பிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. 1599-ல் நடந்தது என்று கடைக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். தேன் நிறத்தில், உடைத்த கண்ணாடித் துண்டு போல இருக்கிறது மிட்டாய். அதிகத் தித்திப்பு இல்லை. அந்தப் பேய்க்காரி பசிக்கு வாங்கிய சாமான் என்று நினைத்ததும் வாயில் இருந்ததைக் கடிக்க மனம் வரவில்லை. கரையும் வரைக்கும் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 11

மலை நாள் என்று அரசு விடுமுறை; 2016-ல்தான் வந்தது. ரயிலெல்லாம் ஊருக்குப் போகிற கூட்டம், நம் பொங்கல் சமயத்துக் கோயம்பேடு மாதிரி, சத்தம் மட்டும் இல்லாமல்.

சாப்பாட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சைவம். ஜப்பானில் மீன் கண்ணுக்குத் தெரிந்தால் தப்பித்துவிடலாம். பிரச்சினை தாஷி, அதாவது எல்லாவற்றுக்கும் அடிப்படையான ரசத் தண்ணீர். அதில் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவல் இருக்கும். நூடுல்ஸ் சூப்பில், வேகவைத்த கத்திரிக்காயில், முட்டையில், தோஃபுவை ஊறவைத்த சாற்றில் என்று எல்லாவற்றிலும். இதுவரைக்கும் தயிர், வாழைப்பழம், வெறும் சோறு, கடையில் ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை. மனைவி புளிக்காய்ச்சல் கொண்டுவந்திருக்கிறாள். அது தீர்ந்தால் திரும்ப வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 12

எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தோம். சில்வண்டுகள் காலை ஆறிலிருந்து கத்துகின்றன. எரியும் குப்பை நாளைக்கு. பையை இரண்டு தடவை சோதித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13

பாட்டி வீட்டுப் புத்சுதான் திறந்துவிட்டது. கூடத்தில் ஒரு கறுப்பு மர அலமாரி, கதவைத் திறந்தால் உள்ளே முழுக்கப் பொன் நிறம். நடுவில் புத்தர், கீழே இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள். கணவர், மாமனார், மாமியார், அதற்கு முன்னால் உள்ளவர்கள். தாமரை இலை மேல் காய்கள், பழங்கள், ஒரு குடுவையில் கோயாமாகி. அரிசி மாவு உருண்டைகள், வந்தவர்களுக்கு முதல் பலகாரம். சின்னஞ்சிறு அரக்குக் கிண்ணங்களில் ஒரு முழுச் சாப்பாடு, சொப்பு வைத்து விளையாடுவது போல. குச்சி இருக்கும் பக்கம் புத்தரைப் பார்த்து இருக்கிறது. சாப்பிடுகிறவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா!

பிறகு கவனித்தேன். கீழே, ஓரமாக, இன்னொரு இலை. அதில் கொஞ்சம் சோறு, நறுக்கிய காய், ஒரு கோப்பைத் தேநீர். யாருக்கு என்று கேட்டோம். யாருமில்லாதவர்களுக்கு. கும்பிட ஆளில்லாமல் அலைகிறவர்கள், வீட்டுக்காரர்களோடு கூட வந்துவிடுகிறவர்கள். முயென் என்கிறார்கள், உறவற்றவர் என்று பொருள். அந்த இலைப் பக்கத்தில் பாட்டி இன்று ஒரு கோப்பை கூடுதலாக வைத்திருந்தார். "உங்கள் அம்மாவுக்கு. எங்கள் வீட்டு உறவு இல்லை என்பதால் இந்த வரிசை. கோபித்துக்கொள்ள வேண்டாம்" என்றார். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். கல்யாண வீட்டிலேயே சமையல்கட்டு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள்.

பதினோரு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றினால் மொட்டைத் தலை, கறுப்பு அங்கி. ஓபோனுக்கு வீடு வீடாக மந்திரம் சொல்லப் புறப்பட்ட சாமியார். பத்து நிமிஷம் ஓதினார், ஒரு வாய் முகிச்சா, ஒரு உறை, அடுத்த வீடு. அமாவாசையன்று மயிலாப்பூர் வாத்தியார்கள் போவது போலவே, அதே அவசரம். அங்கிக்குப் பதில் பஞ்சகச்சம், அவ்வளவுதான். ஆனால் எதிர்வீட்டுக்கு இந்த ஆரவாரம் இல்லை. அவர்கள் புத்த மதத்தில் ஜோதோ ஷின்ஷூ என்ற பிரிவு. இறந்தவர் அப்போதே சுகாவதி என்ற புத்தர் உலகத்துக்குப் போய்விட்டார், போய் வருகிற கதையெல்லாம் கிடையாது என்பது அவர்கள் கொள்கை. விளக்கேற்றிக் கும்பிடுவதோடு சரி. ஒரே தெருவில் இரண்டு விதம், ஒரு முழம் பெருக்கலில் மட்டும் வித்தியாசமில்லை.

ஆகஸ்ட் 14

நாள் முழுக்கப் பாட்டி வீட்டில் சாப்பாடு! இந்த நாட்களில் புத்சுதானுக்கு மீன், இறைச்சி படைக்கக் கூடாது. தாஷிகூடக் கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும்தான். செத்தவர்கள் புண்ணியத்தில் ஆறு நாளில் முதல் தடவையாகக் கேள்வி கேட்காமல் சாப்பிட்டோம். எள் தோஃபு, உறையவைத்துக் காயவைத்த தோஃபு, பூசணி, கத்திரி. மத்தியானம் ஓஹாகி: ஒட்டும் அரிசிச் சோற்றை உருட்டி மேலே சிவப்புப் பயறுப் பூரணம் பூசியது. நாம் பூரணத்தை உள்ளே வைப்போம், இவர்கள் வெளியே.

அம்மாவுக்கும் ஒரு ஓஹாகி வைத்தார். கோப்பைத் தேநீரை மணிக்கொரு தரம் மாற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போனதை யாருக்கும் கொடுக்கக் கூடாதாம்.

ஆகஸ்ட் 15

காலையிலிருந்து பாட்டி வீட்டு டிவியில் பேஸ்பால். கோஷியென் என்ற மைதானத்தில் பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டி. ஒவ்வொரு ஆகஸ்டிலும் நாடே இதைத்தான் பார்க்கிறது. நமக்கு விதி புரியவில்லை. தோற்ற பையன்கள் மைதானத்து மண்ணைப் பைக்குள் அள்ளிக்கொண்டு அழுதது மட்டும் புரிந்தது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் நின்றது. பந்து எறிய இருந்தவன் தொப்பியைக் கழற்றினான். சைரன் ஊதியது. மைதானம் முழுக்க எழுந்து தலைகுனிந்து நின்றது. அடுக்களையில் இருந்த பாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் நின்றார். 1945-ல் இதே நாள், இதே மணிக்குத்தான் மன்னர் வானொலியில் பேசி, போர் முடிந்தது என்று அறிவித்தார். ஒரு நிமிஷம். சைரன் அடங்கியது, பையன் தொப்பியை மாட்டினான், பந்தை எறிந்தான். பாட்டி அடுக்களைக்குத் திரும்பினார். அவருடைய பெரியப்பா ஒருவர் கடலில் போனவர், எலும்புகூட வரவில்லை என்று அக்கா மகள் பிற்பாடு சொன்னாள். நேற்று அந்தப் பலகைகளை நான் எண்ணிப் பார்த்தேனே தவிர, யார் யார் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16

காலையில் அடுக்களையிலிருந்து கடல் வாசனை. அராமே என்ற கறுப்புக் கடற்பாசியை வேகவைத்துக்கொண்டிருந்தார் பாட்டி. இன்றைக்கு இதுதான் கடைசிச் சாப்பாடு. பொரித்த தோஃபுவோடு கிளறி எல்லாக் கிண்ணத்திலும் வைத்தார். அப்புறம் வேகவைத்த தண்ணீரை, கஷாயம் போலக் கரும்பழுப்பாக இருந்ததை, அப்படியே எடுத்துக்கொண்டு போய் வாசலில் வீசித் தெளித்தார்.

"துரத்துகிறேன்" என்றார். நிஜமாகவே அதற்குப் பெயர் விரட்டு அராமே. வந்தவர்கள் வீட்டுச் சுகத்தில் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்துவிடுவார்களாம். மூன்று நாள் விருந்து முடிந்தது, புறப்படுங்கள். ஒளிவுமறைவு இல்லை, கண்ணீரும் இல்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான்தானே மணியடித்துக் கூப்பிட்டேன்? அந்தத் தண்ணீர் கல்லில் பட்டுக் காய்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன். வெயிலுக்கு இரண்டே நிமிஷத்தில் காய்ந்துவிட்டது.

மத்தியானம் கின்ககுஜி என்ற கோயிலின் வாசலுக்குப் போனோம். ராத்திரி மலையில் எரிக்கும் விறகில் பெயரையும் நோயையும் எழுதிக் கொடுக்கலாம். எரிந்தால் நோய் போகும். மனைவி தன் பெயரை எழுதி, முழங்கால் என்று தமிழிலேயே எழுதினாள். என்மாவின் ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருக்க மாட்டாரா என்ன?

ராத்திரி காமோ ஆற்றங்கரை. ஆறரைக்கே போய்த் துண்டு போட்டோம். ஊரைச் சுற்றி ஐந்து மலைகளில் நெருப்பு எழுத்து ஏற்றி இறந்தவர்களை வழியனுப்புகிறார்கள்: கோசான் ஓகுரிபி. எட்டு மணிக்குக் கிழக்கு மலையில் 'பெரிய' என்று பொருள்படும் எழுத்து, தைமோன்ஜி. ஐந்தைந்து நிமிஷம் விட்டு மற்ற நான்கும். கடைசியாக எட்டு இருபதுக்குத் தோரணவாயில் வடிவம். சுற்றுலாக்காரர்கள் இதைத் தைமோன்ஜி எரிப்பு என்பார்கள். இந்த ஊர்க்காரர் காதில் விழுந்தால் முகம் சுளிப்பார். எரிப்பு இல்லை, வழியனுப்பும் நெருப்பு.

எட்டு மணி. கரையோர விளக்குகள் மங்கின. மலையில் முதலில் ஒரு பொறி. அப்புறம் கோடு கோடாகப் பற்றி, எழுத்து முழுசாக எழுந்து நின்றது. படுக்கைக் கோடு 80 மீட்டர், இடப்பக்கம் சரியும் கோடு 160, வலப்பக்கம் 120. மொத்தம் 75 அடுப்புகள். எண்களை முந்தைய நாள் படித்து வைத்திருந்தேன். பார்க்கும்போது எதுவும் நினைவில் இல்லை. பட்டாசு இல்லை, கைதட்டல் இல்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் கைகூப்பி நின்றது. குழந்தை ஒன்று சத்தமாக, "தாத்தா, போயிட்டு வா" என்று ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அக்கா மகள் மொழிபெயர்க்காமல் மூக்கை உறிஞ்சினாள்.

பாட்டி ஒரு கதை சொன்னார். போர்க்காலத்தில், 1943-ல், விளக்குத் தடை, விறகுக்கும் ஆளுக்கும் பஞ்சம். நெருப்பு ஏற்ற வழியில்லை. அந்த வருஷம் ஆகஸ்ட் 16 காலையில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மலையேறி, அடுப்புகள் இருக்கும் இடத்தில் நின்று, அந்த எழுத்தை உடம்பால் எழுதியிருக்கிறார்கள். எழுதி நின்று அங்கே செய்தது என்ன தெரியுமா? ரேடியோ தைசோ. பாட்டி பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அவருடைய அக்கா அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு புள்ளியாம்.

அரை மணி நேரத்தில் எழுத்து சிவந்து, அங்கங்கே அறுந்து, புள்ளிகளானது. கூட்டம் எழுந்து துண்டை மடித்தது. கரையில் ஒரு தாள்கூட மிச்சமில்லை.

ஆகஸ்ட் 17

விடியற்காலை நான்கரைக்கு நான் மட்டும் மலையேறினேன். நேற்றைய நெருப்பின் கரி எடுக்க. வெள்ளைக் காகிதத்தில் சுற்றி வாசலில் கட்டினால் வீட்டுக்குக் காவல். பாட்டியின் கணவர் இருந்தவரைக்கும் வருஷம் தவறாமல் எடுத்து வருவாராம். அவர் போன பிறகு யாரும் போகவில்லை. எனக்கு முன்னாலேயே நூறு பேர் அங்கே கரி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து பார்த்தால் எழுத்து. மேலே போனால் வெறும் கல் அடுப்புகளும் சரிவும், எந்த எழுத்தும் தெரியவில்லை. ஊர் முழுக்கக் காலடியில் கிடந்தது. விரல் நீளத்தில் இரண்டு துண்டு கிடைத்தது.

கொண்டுவந்து கொடுத்தபோது பாட்டி ஒன்றும் பேசவில்லை. காகிதத்தில் சுற்றினார், கட்டினார், மூங்கில் இலைக் கொத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். எனக்கு உயரம் எட்டியது. இரண்டாவது துண்டைத் திருப்பி என் கையில் கொடுத்தார். வேலூர் வாசலுக்கு.

பத்து மணிக்கு வண்டி வந்தது. இந்த நாட்டில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'இத்தே கிமாசு' என்பார், அச்சு அசல் 'போயிட்டு வர்றேன்'. அக்கா மகள் தினமும் ஒசாகா ரயிலுக்குக் கிளம்பும்போது சொல்வதைக் கேட்டுப் பழகியிருந்தேன். சொன்னேன். இருப்பவர் சொல்லும் பதில் மற்ற ஊர்களில் வேறு. கியோட்டோவில் பழைய ஆட்கள் 'ஓஹாயோ ஓகாயெரி' என்பார்கள். சீக்கிரம் திரும்பி வா. பாட்டி அதைச் சொல்லிவிட்டு, நாங்கள் பெட்டியை ஏற்றி முடிப்பதற்குள் மர வாளியைக் கொண்டுவந்து வாசல் தெளிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன். தெளிவான தண்ணீர்தான்.